விஷக்கொட்டும் கிராம சுகாதாரமும்

“திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல” என்பது நம் மக்கள் வழங்கும் பழமொழி. களவாடப் புகுந்த இடத்தில் கொட்டுப்பட்டவன் வாய்விட்டு அலற முடியாது. வலியை விழுங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். யாதொரு களவும் அறியாத நம் நெசவாளரும் உழவரும் விஷக்கொட்டு விஷயத்தில் அந்தத் திருடனைப் போலவே வாய்மூடி இருந்து வருகின்றனர். தறிக்குழியில் காலை வைத்தபோது ஏதோ கொட்டிற்று என்பார்கள். கடலைக்கொடியை அள்ளியபோது கையில் சுருக்கென்றது என்பார்கள். “பூச்சி பொட்டு கடித்தது” என்ற இரண்டு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். தறி நின்ற நாளும் கூலி போன நாளும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. உயிரே போனாலும் விதி என்று சொல்லி அமைந்துவிடுகிறோம்.

ஆனால் இது விதியின் காரியமன்று. 2008ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் 12 லட்சத்துக்கு மேற்பட்டோர் தேள்கொட்டுக்கு ஆளாகின்றனர். அவர்களில் 3,250 பேருக்கு மேல் இறக்கின்றனர். இறப்பவர்களில் பெரும் பகுதியினர் குழந்தைகள். கொட்டுப்படுவோர் பெரும்பாலும் மண் தரையிலும் கூரை வீட்டிலும் வாழ்ந்து, கையாலும் காலாலும் உழைத்துப் பிழைப்பவர்கள். அதாவது, நம் போன்ற சங்கங்களின் அங்கத்தினர்களே. ஆகவே இதனைத் தனி மனிதரின் துரதிருஷ்டம் என்று தள்ளாமல், பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகக் கருதி, கூடி ஆராய்வது நமது கடமையாகும்.

கொட்டும் பிராணிகள் எவை?

விஷப்பூச்சி என்று நாம் பொதுவாகச் சொல்லும் பிராணிகள் யாவும் விஞ்ஞான முறைப்படி பூச்சிகள் அல்ல. பூச்சிக்குக் கால்கள் ஆறு. தேனீ, குளவி, கதண்டு, எறும்பு ஆகியவை அவ்வினத்தைச் சேர்ந்தவை. தேளுக்குக் கால்கள் எட்டு. அது சிலந்திக்கு உறவு. பூரானும் செய்யானும் பல கால்களைக் கொண்ட வேறோர் இனம். தேளும் குளவியும் வாற்புறத்துக் கொடுக்கினால் கொட்டும்; பூரானோ தலையை அடுத்துள்ள நஞ்சுக்கால்களினால் கடிக்கும். பூரான் கடித்த இடம் தீப்பட்டாற்போல் எரியும், வீக்கமும் காணும். ஆயினும் உயிருக்கு அபாயம் நேர்வது மிக அரிது. நம் நாட்டில் உயிரைக் குடிப்பவை முக்கியமாக இரண்டு: ஒன்று செந்தேள், மற்றொன்று தேனீ, குளவி, கதண்டு ஆகிய பறவைப் பூச்சிக் கூட்டம்.

தேளிலும் வேறுபாடு அறிய வேண்டும். உள்ளங்கை நீளத்தில், கன்னங்கரேலென்று, பருத்த இடுக்கிகளை நீட்டிக்கொண்டு வரும் கருந்தேளைக் கண்டால் வீடே கலவரப்படுகிறது. உண்மையில் அதன் விஷம் வலுக்குறைந்தது. இரண்டு மூன்று அங்குல நீளமே உள்ள, செம்மையும் பழுப்பும் கலந்த நிறத்துச் சிறு தேளே கொடியது. இடுக்கி மெலிந்து வால் பருத்திருந்தால் விஷம் மிகுதி, இடுக்கி பருத்து வால் மெலிந்திருந்தால் விஷம் குறைவு என்பது பெரும்பாலும் பொருந்தும் ஓர் அடையாளம்.

இச்செந்தேளுக்கு விஞ்ஞானிகள் வழங்கும் பெயரில் நம் மொழியின் பெயரே ஒட்டிக்கொண்டிருக்கிறது. டென்மார்க் தேசத்து உயிரியல் அறிஞர் ஃபாப்ரிசியஸ் 1798ஆம் ஆண்டில் இதனை முதன்முதல் வருணித்தபோது “டாமுலஸ்”, அதாவது தமிழுக்குரியது, என்று பெயரிட்டார். ஆனால் இது தமிழகத்தோடு நிற்பதன்று. ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம் முதலிய இடங்களிலும் வாழ்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் உண்டு. உலகிலுள்ள தேள்களில் மிகக் கொடியவற்றுள் ஒன்றாக இது எண்ணப்படுகிறது.

மந்திரம் பலித்தது எவ்வாறு?

தேள் கொட்டினால் மந்திரிப்பவரிடம் ஓடுவதும், புளியங்கொட்டையைக் கல்லில் உரைத்துச் சூட்டோடு கடிவாயில் ஒட்டவைப்பதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் நம் ஊர்களில் நெடுங்காலமாக நடந்து வருபவை. “மந்திரித்தவுடன் வலி இறங்கிவிட்டதே, என் கண்ணால் கண்டேன்” என்று சாட்சி கூறுவோர் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கண்டதற்குக் காரணம் வேறு.

தேள் கொட்டுப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு வலி மட்டுமே உண்டாகிறது. கொட்டிய தேள் வலுக்குறைந்த இனமாக இருக்கலாம். அல்லது செந்தேளே ஆயினும் சிறிதளவு விஷத்தையே இறக்கியிருக்கலாம். அத்தகையோருக்கு ஒன்றும் செய்யாவிட்டாலும், சில மணி நேரத்தில் அல்லது ஒரு நாளில் வலி தானாகவே தணிந்துவிடும். தணியும் வேளையில் எதைச் செய்துகொண்டிருந்தோமோ அதற்குப் புகழ் சேர்கிறது. பத்துப் பேருக்குப் பலித்ததாகத் தோன்றும் அந்த முறையை நம்பி, மெய்யாகவே விஷம் ஏறிய பதினோராவது நபரையும் அதே திண்ணையில் கொண்டுபோய் உட்கார வைக்கிறோம். அவருக்குப் போகும் இரண்டு மூன்று மணி நேரந்தான் உயிருக்கும் சாவுக்கும் நடுவில் உள்ள காலம்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். துடிதுடித்து அலறும் மனிதரைக் கண்டு அஞ்சுகிறோம். பேசாமல் வியர்த்துக் கிடப்பவரை “வலி குறைந்துவிட்டது” என்று விட்டுவிடுகிறோம். உண்மை பெரும்பாலும் நேர்மாறானது. கொட்டிய இடத்தில் கடும் வலி மட்டும் இருந்து, தேகத்தில் வேறு மாறுதல் இல்லையானால் அச்சம் குறைவு. வலி அதிகமில்லாமல், வேட்டி நனையும்படி வியர்த்து, மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்து, கைகால் சில்லிட்டுப்போனால், அதுவே பேரபாயத்தின் முன்னறிவிப்பு. ஆண்களுக்கும் ஆண் குழந்தைகளுக்கும் குறி தானாக விறைத்து நிற்பதும் அவ்வறிகுறிகளுள் ஒன்று. வெட்கப்பட்டு இதனை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மஹாட் கண்ட உண்மை

இவ்வறிகுறிகளை மருத்துவ உலகம் தெளிவாக உணர்ந்துகொண்ட வரலாறு, கிராமத்தில் வாழும் ஒவ்வொருவரும் அறியத் தக்கது. அது பெரிய நகரத்துப் பெரிய மருத்துவமனையில் நடந்ததன்று. மகாராஷ்டிர மாநிலத்தின் கொங்கணக் கரையோரத்தில், இன்று ராய்கட் என வழங்கும் மாவட்டத்தில், மஹாட் என்ற சிற்றூர் இருக்கிறது. அதனருகே பிர்வாடியிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 1976ஆம் ஆண்டில் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் என்னும் இளம் டாக்டர் பணியாற்ற வந்தார். நெல் விளையும் செம்மண் பூமி அது. செந்தேளும் அங்கே மிகுதி.

கொட்டுப்பட்டு வந்தோர் பலர், வியர்த்துச் சில்லிட்டு, பின் மூச்சுத் திணறி, வாயில் செந்நுரை தள்ளி இறப்பதை அவர் கண்டார். அந்நாளில் வழக்கமாகக் கொடுக்கப்பட்டு வந்த மருந்துகள் அவர்களைக் காப்பாற்றவில்லை. கடும் விஷம் ஏறியவர்களுள் நூற்றுக்கு 25 முதல் 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த காலம் அது. பாவஸ்கரிடம் நவீனக் கருவிகள் இல்லை. அவர் செய்தது ஒன்றுதான்: நோயாளியின் கட்டிலருகே இராப்பகலாக உட்கார்ந்து, நாடி எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு, எந்த நேரத்தில் எந்த அறிகுறி தோன்றியது என்று விடாமல் குறித்துக்கொண்டே வந்தார். அக்குறிப்புகளின் பயனாக, உயிருக்கு உலை வைக்கப்போகும் கொட்டு எது என்பதை முன்கூட்டியே காட்டும் அடையாளங்களை வகுத்து, 1982இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டார்.

விஷம் செய்யும் வேலை இதுதான். நம் நரம்புகளில் செய்தி கடந்து செல்வதற்கு நுண்ணிய வாயில்கள் உண்டு. அவை திறந்து உடனே மூடிக்கொள்ள வேண்டும். செந்தேள் விஷம் அவற்றை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் நரம்புகள் ஓயாமல் தூண்டப்பட்டு, அட்ரினலின் முதலிய சுரப்புகள் வெள்ளமாகப் பெருகுகின்றன. ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கைகால் சில்லிடுவது இதனாலேயே. சுருங்கிய குழாய்களுக்குள் ரத்தத்தைத் தள்ள முடியாமல் இருதயம் திணறுகிறது. முடிவில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. கதவடைத்த மதகை நோக்கி வாய்க்கால் நீரைத் தள்ளினால் கரை உடைவது போன்றது இது.

ஆகவே, மதகைத் திறப்பதே வழி என்று அவர் தெளிந்தார். ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் பிரசோசின் என்ற மாத்திரை முன்னமே ரத்தக் கொதிப்பு நோய்க்காக வழங்கி வந்தது. விலையும் குறைவு, வாய்வழியே கொடுக்கத்தக்கது. அதனைத் தேள்கொட்டுக்குப் பயன்படுத்திக் கண்ட பலனை 1986இல் அதே இதழில் அவர் எழுதினார். அதன் பின்னர், காலத்தில் வந்து சேர்ந்தவர்களுள் இறப்போர் நூற்றுக்கு ஓரிருவர் என்ற அளவுக்குக் குறைந்தனர். மேலும், செந்தேள் விஷத்துக்குரிய முறிமருந்தும் நம் நாட்டிலேயே தயாராகிறது. 2011இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளியான அவர்தம் ஆராய்ச்சியில் 70 நோயாளிகள் இரு பிரிவாகச் சிகிச்சை பெற்றனர். பிரசோசின் மட்டும் பெற்ற 35 பேரில் பத்து மணி நேரத்துக்குள் முற்றும் குணமானவர் 8 பேர். பிரசோசினுடன் முறிமருந்தும் பெற்ற 35 பேரில் அவ்வாறு குணமானவர் 32 பேர். இத்தொண்டினைப் பாராட்டி 2022ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் கூற வேண்டும். பாம்புக்கடிக்குக் கொடுக்கும் முறிமருந்து தேள் விஷத்துக்குச் சிறிதும் பயன்படாது. பிரசோசின் மாத்திரையையும் வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டு தாமே உட்கொள்ளலாகாது. வலி மட்டும் உள்ளவருக்கு அது வேண்டியதே இல்லை. ரத்த அழுத்தம் திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரவும் கூடும். நோயாளியைப் படுக்க வைத்து, நாடியும் அழுத்தமும் பார்த்து, அளவறிந்து டாக்டரே கொடுக்க வேண்டிய மருந்து அது.

தேனீயும் குளவியும்

இனி, பறந்து வந்து கொட்டுபவற்றைப் பார்ப்போம். தேனீயின் கொடுக்கு ரம்பம் போன்ற பற்களை உடையது. கொட்டியதும் அது நம் தோலிலேயே சிக்கிக்கொள்கிறது. தேனீ பறக்க முயலும்போது விஷப்பையும் பிய்ந்து நம்மிடமே தங்கிவிடுகிறது. தேனீ செத்தாலும் அப்பை மேலும் விஷத்தை உள்ளே செலுத்திக்கொண்டே இருக்கும். ஆகவே கொடுக்கை உடனே அகற்ற வேண்டும். நகத்தால் சுரண்டி எடுப்பதா, விரலால் பிடுங்குவதா என்று தயங்கி நிற்கக் கூடாது. எப்படி எடுத்தாலும் பெரிய வேற்றுமை இல்லை, எவ்வளவு விரைவில் எடுக்கிறோம் என்பதே முக்கியம் என்று 1996இல் ஆராய்ந்து கண்டுள்ளனர். குளவிக்கும் கதண்டுக்கும் கொடுக்கு வழுவழுப்பானது. ஒன்றே பலமுறை கொட்டவல்லது.

இவற்றால் வரும் அபாயம் இருவகை. முதல் வகை, கொட்டின் எண்ணிக்கையால் வருவது. பனை, தென்னையின் உச்சியிலோ, பாழடைந்த கட்டடத்திலோ, வேலிப் புதரிலோ கூடு கட்டியிருக்கும் கதண்டுகள் கலைந்துவிட்டால் கூட்டமாக வந்து தாக்கும். விஷம் மிகுதியாகச் சேரும்போது தசையும் ரத்த அணுக்களும் சிதைந்து, சிறுநீரகம் அடைபட்டுப் போகும். கொட்டுப்பட்ட அன்று நடந்துதிரிந்தவர், மறுநாள் சிறுநீர் கறுத்து, பின் அற்றுப்போய், ஆபத்தான நிலையில் கிடப்பதுண்டு. சீனாவின் ஷான்சி மாநிலத்தில் 2013ஆம் ஆண்டில் சில மாதங்களுக்குள் பெருங்குளவிகள் கொட்டி 40 பேருக்கு மேல் மாண்டனர். 1,600 பேருக்கு மேல் காயமுற்றனர். அவர்களுட் பலர் வயல் வேலையில் இருந்த குடியானவர்கள். ஆகவே பல கொட்டுகள் பட்டவர், தமக்கு ஒன்றுமில்லை என்று தோன்றினாலும், மருத்துவமனையில் இருந்து சிறுநீரையும் ரத்தத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்குச் சில கொட்டுகளே போதும், பெரிய தீங்கு விளைய.

இரண்டாம் வகை, ஒரே கொட்டினால் வருவது. சிலருடைய தேகம் முன்பொருமுறை பட்ட விஷத்தை நினைவில் வைத்துக்கொண்டு, மறுமுறை படும்போது அளவு கடந்து சீறி எழுகிறது. உடம்பெல்லாம் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், குரல் கம்முதல், மூச்சிரைப்பு, கண் இருளுதல் ஆகியவை சில நிமிடங்களுக்குள் தோன்றும். இந்த ஒவ்வாமை அதிர்ச்சியில் இறந்தோரைப் பற்றி பிரிட்டனில் 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, கொட்டு விஷத்தால் இறந்தவர்களுக்குச் சுவாசமோ இருதயமோ நின்றுபோன நேரம் கொட்டியதிலிருந்து பொதுவாக 15 நிமிடமே என்று காட்டுகிறது. இதற்குரிய மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்புறத் தசையில் தாமதமின்றிப் போட வேண்டும். மலிவான, பழைய மருந்து; ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கத் தக்கது.

சற்று முன் கூறியதை அங்கத்தினர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். தேள் விஷத்தில் அட்ரினலின் பெருகுவதே நோய். குளவி ஒவ்வாமையில் அட்ரினலின் கொடுப்பதே மருந்து. “ஏதோ பூச்சி கடித்தது” என்று மட்டும் சொல்லி நோயாளியைக் கிடத்தினால் டாக்டர் எதை நம்பி வைத்தியம் செய்வார்? கொட்டியது எது, எத்தனை மணிக்கு, முதலில் தோன்றிய அறிகுறி யாது என்ற மூன்றையும் உடன் செல்வோர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதனைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்பதில்லை. அடையாளம் கண்டு சொன்னாற் போதும்.

இருட்டில் கடித்தது எது?

இரவில், கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ கடித்துவிட்டால் அதைப் பூச்சிக்கடி என்று முடிவு கட்டிவிடலாகாது. கட்டுவிரியன் பாம்பு இரவிலே வந்து, தரையிற் படுத்திருப்போரைக் கடிக்கும் வழக்கமுடையது. அதன் பல் சிறிது. வலியும் வீக்கமும் பெரும்பாலும் இரா. எறும்பு கடித்ததென்று புரண்டு படுத்தவர், விடியுமுன் வயிற்றுவலியும், இமை சொருகுதலும், விழுங்க முடியாமையும் கண்டு உயிர் துறந்ததுண்டு. ஆகவே, கடித்தது எது என்று தெரியாத ஒவ்வோர் இரவுக் கடியையும், வேறென்று நிச்சயமாகும்வரை பாம்புக்கடியாகவே கருதி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வது அறிவுடைமை.

தறிக்குழியிலும் தோட்டத்திலும்

நம் தொழில்களில் கொட்டு எங்கே காத்திருக்கிறது என்பதை அறிந்தால் பெரும் பகுதியைத் தவிர்த்துவிடலாம். தேள் பகலில் ஒளிந்து இரவில் இரை தேடும். அதற்கு இருட்டும், இடுக்கும், இரையாகும் சிறு பூச்சிகளும் வேண்டும். குழித்தறியின் கால்குழி இம்மூன்றையும் தருகிறது. குழியின் சுவர் மண்ணாக இருந்து வெடித்திருந்தால் அது தேளுக்குக் கட்டிக்கொடுத்த வீடு. வெறுங்காலோடு அதில் இறங்கி நாள் முழுதும் மிதிக்கிறோம். ஆகவே குழியின் சுவரைச் சிமெண்டோ சுண்ணாம்போ கொண்டு வெடிப்பின்றிப் பூச வேண்டும். காலையில் விளக்கைக் காட்டிப் பார்த்த பின்னரே காலை விட வேண்டும். மூலையில் கிடக்கும் நூல் மூட்டையையும், கிடப்பிலுள்ள பழைய பாவையும் உதறி எடுக்க வேண்டும். காலில் கொட்டுப்பட்ட நெசவாளி சில நாட்கள் மிதிக்க முடியாது. தறி நின்றால் அடுப்பும் நிற்கும் என்பதை நாம் அறிவோம்.

விவசாயிகளுக்கு ஆபத்து வேறு இடங்களில். பிடுங்கிக் குவித்த கடலைக்கொடி, கரும்புத் தோகை, வைக்கோற்போர், அடுக்கிய செங்கல், விறகு, காய்ந்த பனையோலை ஆகியவற்றுள் வெறுங்கையை நுழைக்காமல், முதலில் கோலால் கிளறிப் பார்க்க வேண்டும். இரவில் நீர் பாய்ச்சச் செல்வோர் செருப்பும் கைவிளக்கும் இன்றிப் போகலாகாது. வீட்டுச் சுவரை ஒட்டி விறகும் ஓடும் அடுக்கக் கூடாது. கட்டிலில் கொசுவலை கட்டிப் படுத்தல் தேள், பூரான், கட்டுவிரியன் மூன்றுக்கும் ஒருங்கே காவல். காலணியையும் துணியையும் உதறி அணிவது பிள்ளைகளுக்குப் பழக்கமாக வேண்டும்.

தேளைத் தேடிக் காண ஒரு சுலபமான வழியும் உண்டு. புற ஊதா ஒளி பட்டால் தேளின் மேலோடு பச்சையும் நீலமும் கலந்து ஒளிவிடும். அவ்வொளி தரும் சிறு கைவிளக்கு அதிக விலையில்லாமல் கிடைக்கிறது. சங்கத்துக்கு ஒன்றிருந்தால், கோடையில் வாரம் ஓரிரவு தறிக்கூடங்களையும் வீட்டுச் சுவர்களையும் சுற்றிப் பார்த்து, இடுக்கியால் எடுத்து அப்புறப்படுத்திவிடலாம்.

கதண்டுக் கூட்டைக் கண்டால் கல்லெறிவதும் தீப்பந்தம் பிடிப்பதும் கூடாது. தீயணைப்பு நிலையத்துக்குத் தெரிவித்தால் பயிற்சி பெற்ற வீரர்கள் வந்து அகற்றுவார்கள். கூட்டம் கலைந்து துரத்தினால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நேரே ஓடி, கதவடைத்த அறைக்குள் புக வேண்டும்; கிணற்றிலோ குளத்திலோ குதித்தால் மேலேயே வட்டமிட்டுக் காத்திருக்கும். அதே சமயம், தேனீயை விரோதியாகக் கருதிக் கூண்டோடு அழிப்பது உழவருக்கே நஷ்டம். சூரியகாந்தியும் பூசணி வகைகளும் காய்ப்பிடிக்க அதன் உதவி வேண்டும். மார்த்தாண்டம் வட்டாரத்தில் தேனீ வளர்ப்பு எத்தனையோ குடும்பங்களின் ஜீவனம். ஆள் நடமாட்டமுள்ள இடத்துக் கூட்டை அகற்றி, மற்றவற்றை விட்டு விலகிச் செல்வதே முறை.

கொட்டுப்பட்டவுடன் செய்ய வேண்டியது சிறிதே. அமைதியாக உட்கார வைத்து, மோதிரம், மெட்டி, வளையலைக் கழற்றி, கடிவாயைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைக்க வேண்டும். கயிறு கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல், மண்ணெண்ணெய் ஊற்றுதல் ஆகிய யாவும் தீமையே. குழந்தைகளையும், முன்னர் கூறிய அறிகுறி உள்ளவர்களையும், முகத்திலோ தொண்டையிலோ கொட்டுப்பட்டவர்களையும் ஒரு கணமும் தாழ்த்தாமல் 108 ஊர்தியிலோ கிடைத்த வண்டியிலோ கொண்டுசெல்ல வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கது

இவையெல்லாம் தனித்தனியே அறிந்திருந்தாலும், நள்ளிரவில் ஒரு குழந்தை கொட்டுப்படும்போது ஏழைக் குடும்பம் கைபிசைந்து நிற்கவே செய்யும். வண்டி யாரிடம் உண்டு? எந்த மருத்துவமனையில் மருந்து இருக்கும்? கையில் பணம் ஏது? இக்கேள்விகளுக்கு அந்த நேரத்தில் விடை தேடிக்கொண்டிருக்கும்போதுதான் உயிர் நழுவிப் போகிறது. விடைகளை முன்கூட்டியே தயாராக வைப்பது கூட்டுறவினால் ஆகக்கூடிய காரியம்.

முதலாவதாக, கோடை தொடங்குமுன் ஒரு கூட்டத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரை அழைத்து, அங்கத்தினர் குடும்பத்தோடு வந்து கேட்கச் செய்யலாம். பிரசோசினும் அட்ரினலினும் அங்கு கையிருப்பில் உள்ளனவா, இரவில் யார் பணியில் இருப்பர், முறிமருந்து கிடைக்கும் அடுத்த பெரிய மருத்துவமனை எது என்று சங்கத்தின் சார்பில் கேட்டு, விடையைச் சங்கக் கட்டடச் சுவரில் எழுதி ஒட்டலாம். தனி ஆள் கேட்பதற்கும் சங்கம் கேட்பதற்கும் வேற்றுமை உண்டு. இரண்டாவதாக, இரவிலே வண்டி எடுக்க இசையும் அங்கத்தினர்களின் பெயரைத் தெருவாரியாகக் குறித்து வைக்கலாம். பொது நல நிதி உள்ள சங்கங்கள், விதிகளுக்கு உட்பட்டு, வண்டிச் செலவுக்கும் தறிக்குழி பூசுவதற்கும் சிறு உதவி அளிக்க ஆலோசிக்கலாம்.

மூன்றாவதும் முக்கியமானதும், ஒரு பதிவேடு. நூல் எத்தனை கட்டு வந்தது, சேலை எத்தனை முழம் போயிற்று என்று நம் சங்கங்கள் கணக்கு வைக்கின்றன. அதே மேசையில் இன்னொரு நோட்டுப் புத்தகம் வைத்து, யார் கொட்டுப்பட்டார், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்கு மருத்துவமனை சேர்ந்தார், என்ன ஆயிற்று, எத்தனை நாள் வேலை போயிற்று என்று எழுதி வந்தால் என்ன? தமிழக அரசு 2024ஆம் ஆண்டில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எண்ணிப் பார்க்காதவரை ஒரு துன்பத்தின் அளவு தெரியாது; அளவு தெரியாதவரை மருந்தும் பணமும் அதனைத் தேடி வாரா என்பதே அவ்வறிவிப்பின் கருத்து. தேள்கொட்டுக்கும் கதண்டுக்கொட்டுக்கும் அத்தகைய கவனம் வேண்டுமானால், எண்ணும் வேலையை ஊரிலேயே தொடங்க வேண்டும். இரண்டு ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால், எந்தத் தெருவில் எந்த மாதத்தில் ஆபத்து மிகுதி என்பது நமக்கே விளங்கும். மாவட்டச் சுகாதார அதிகாரியிடம் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை.

பிர்வாடியில் ஒரு டாக்டர் தொடங்கியதும் இவ்வாறே. கட்டிலருகே உட்கார்ந்து, கண்டதைக் கண்டபடி எழுதினார். அந்த எழுத்திலிருந்து மருந்து பிறந்தது. நமக்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டிய வேலை இல்லை. அது முன்னமே உண்டு; மலிவாகவும் உண்டு. கொட்டுக்கும் மருந்துக்கும் இடையிலுள்ள அந்த இரண்டு மூன்று மணி நேரத்தைச் சுருக்குவதே நம் வேலை. கொட்டுப்பட்டவர் திருடனைப்போல் வாய்மூடி இராமல், தயக்கமின்றி வாய்விட்டுச் சொல்லவும், சொன்னவுடன் அண்டை அயலார் எழுந்து வரவும் ஆன நிலையை ஒவ்வொரு சங்கமும் தன் எல்லைக்குள் உண்டாக்குமானால், அடுத்த கோடையில் நம் குழந்தைகள் சிலர் பிழைப்பார்கள். வரும் பொதுக்குழுவில் இப்பொருளையும் நிகழ்ச்சி நிரலில் சேர்ப்போமாக.